அறுபத்து நாலரை

தையல் கடை,
ஞாயிறு மதியம்

என் செல்ல மகள் பாபினுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஷூ கடிக்காமல், நலமாக இருப்பாய் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

காலையில் நீ கூப்பிட்டபோது அப்பா போனை என் கைக்கே தரவில்லை, கவனித்தாயா? வாரம் முழுக்க அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார். நீ ஹலோ சொல்வதற்குள் அறுபத்து நாலரை என்று சொல்லிவிட வேண்டும் அவருக்கு. நீ "சூப்பர்ப்பா" என்றதும் முகத்தைப் பார்க்க வேண்டுமே, வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளை தோற்றுப்போவான். அதற்கப்புறம் உன் வார்டு, உன் நர்ஸிங் பரீட்சை, உன் மேட்ரன் அம்மாவின் மூக்கு மேல் கோபம் எல்லாம் பேசி முடித்துவிட்டு, அம்மாவுக்கு வேலை இருக்கு என்று அவரே வைத்துவிடுகிறார். எனக்கு என்ன வேலை? பக்கத்தில் உட்கார்ந்து நாலு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டு உங்கள் பேச்சைக் கேட்பதுதான். அதனால் போனில் சொல்ல முடியாததை எல்லாம் எழுதுகிறேன்.

எடை மிஷின் விஷயத்தில் நீ சொன்னதை உன் அப்பா வேதமாக எடுத்துக்கொண்டார். எழுந்து பாத்ரூம் போய் வந்து, வாயில் எதுவும் வைப்பதற்கு முன்னால், ஒரே உடுப்பில், ஒரே இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றாய். இதயம் சோர்ந்துவிட்டால் தண்ணீர் உடம்பிலேயே தங்கும், இரண்டு நாளில் ஒன்றரை கிலோ ஏறினால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள் என்றாய். கால் இன்ச் தப்பினால் முழுச் சட்டையையும் பிரித்துப் போடுகிற மனிதரிடம் இப்படிச் சொன்னால் விடுவாரா? கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கிவந்து தரை சமமாக இருக்கிற இடத்தைத் தேடினார். வெட்டு மேஜைக்குப் பக்கத்தில் கிடைத்தது. மிஷினை அங்கே வைத்துச் சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டார். நான் பெருக்கும்போது கோடு அழிந்தால் அன்றைக்கு எனக்கு அர்ச்சனைதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இன்றோடு அறுபத்தொரு நாள். ஒரு நாள் இருநூறு கிராம் கூடும், ஒரு நாள் குறையும். மற்றபடி எண் அசையவில்லை.

தண்ணீரும் அப்படித்தான். நீ சொன்ன ஒன்றரை லிட்டரைக் காலையிலேயே பாட்டிலில் அளந்து ஊற்றி, நாலு கோடு போட்டு வைத்திருக்கிறார். மதியத்துக்குள் இரண்டாவது கோட்டைத் தாண்டக் கூடாதாம். பாவம், தாகம் ரொம்பத்தான் இருக்கிறது. போன புதன்கிழமை ஒரு கூத்து. துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை வாய்க்கு நேராகப் பிடித்து அடித்துக்கொண்டிருந்தார். என்ன இது என்றேன். துணிக்குத் தெளித்தேன், திசை மாறிவிட்டது என்றார். அன்று காலையிலிருந்து கரண்டே இல்லை, எந்தத் துணியைத் தேய்த்தார்? நீதான் இதைக் கண்டித்துக் கேட்க வேண்டும். நான் சொன்னால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுகிறார்.

உப்பில்லாத சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. பாதியிலேயே தட்டைத் தள்ளிவிடுகிறார். ஆனாலும் எடை குறையவில்லை பார். கொஞ்சம் தொப்பைகூட வைத்திருக்கிறது. உங்கள் வீட்டுக்காரருக்கு ஓய்வு ஒத்துக்கொண்டது போல என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கால் வீக்கம் எப்படி என்று கேட்டிருந்தாய். காலையில் கட்டிலில் இருந்தபடியே பேன்ட்டைத் தூக்கிக் காட்டுகிறார், கணுக்கால் எலும்பு நன்றாகத் தெரிகிறது. ஒரே ஒரு விஷயம், குளிக்கும்போது மோதிரம் இரண்டு தரம் கழன்று விழுந்துவிட்டது. பழைய மோதிரம், தேய்ந்திருக்கும். உள்பக்கம் நூல் சுற்றிக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டும் என்று சீட்டில் இருக்கிறது. காலையில் போனால் சாயங்காலம்தான் நம் முறை வரும். அந்த மரப் பெஞ்சில் அவரால் அவ்வளவு நேரம் உட்கார முடியாது. எண் மாறாமல் இருக்கும்போது போகத்தான் வேண்டுமா என்று உன்னைக் கேட்டேன், ஒரு மாதம் தள்ளிப் போகலாம் என்றாய். தள்ளிவிட்டேன்.

உன் பரீட்சைக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. அது முடிந்து வேலை உறுதியாகும் வரை நடுவில் விட்டுவிட்டு வந்தால் மறுபடி முதலிலிருந்து என்கிறாயே, அப்படி என்ன சட்டமோ. இங்கத்திய கவலையை விட்டுவிட்டுப் படி. நகத்தைக் கடிக்காதே. நோயாளியைத் தொடுகிற கை.

உன் எண்ணங்கள் எல்லாம் கைகூடட்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிற,
அம்மா


தையல் கடை,
வியாழன்

என் பாபினுக்கு,

இந்தக் கடிதத்தை உன்னோடு வேலை பார்க்கிற பெண்ணிடம் கொடுத்தனுப்புகிறேன். விடுமுறை முடிந்து நாளைக்குக் கிளம்புகிறாள். சனிக்கிழமை உன் கையில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும். பணியில் இருக்கும்போது பிரிக்காதே, அறைக்குப் போய் உட்கார்ந்து படி.

போனில் சொல்ல இரண்டு தரம் முயன்றேன். நம் கடையிலிருந்து பேசினால், கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு திரைதான், அதற்கு அந்தப் பக்கம் அவர் இருக்கிறார். மருந்துக்கடையிலிருந்து பேசலாம் என்று போனேன். ரிசீவரை எடுத்தேன், அப்படியே வைத்துவிட்டேன். தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியாது. அவர் இனித் தேற மாட்டார் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். இந்த வீட்டில் பட்டன் என் வேலை, அது உனக்குத் தெரியும். முப்பது வருஷமாக நாலு ஓட்டைக்கும் குறுக்காகத்தான் நூலை இழுப்பேன். அவர் எப்போதாவது பட்டன் தைத்தால் இரண்டு நேர்கோடாக இழுப்பார், அதற்கும் எத்தனையோ தரம் சண்டை போட்டிருக்கிறோம். போன வெள்ளிக்கிழமை அவருடைய நீலச் சட்டையைத் தேய்க்க எடுத்தேன். காலர் பட்டனில் இரண்டு நேர்கோடு. பட்டன் இருந்த பழைய இடத்தில் நாலு சின்னப் பொட்டு. அரை இன்ச்சுக்கும் மேலே தள்ளித் தைத்திருக்கிறார். அவர் கழுத்துக்கு ஏன் அரை இன்ச் குறைய வேண்டும் என்று எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

சட்டையைப் புரட்டிப் பார்த்தேன். கையில், மார்பில், தோளில் எல்லாம் பிடித்துத் தைத்திருந்தது. ஒரு தரம் இல்லை. தையலைப் பிரித்தாலும் ஊசி போன ஓட்டை போகாது இல்லையா, மூன்று வரிசை ஓட்டை இருந்தது. வயிற்றுப் பக்கம் மட்டும் உள்ளே விட்டிருந்த துணியை எல்லாம் வெளியே எடுத்துவிட்டிருந்தார். அலமாரியில் இருந்த ஆறு சட்டையும் அப்படியே. நான் கடைத்தெருவுக்குப் போகிற நேரமாகப் பார்த்து உட்கார்ந்து தைத்திருக்கிறார். சட்டை தொளதொளவென்று தொங்கினால்தானே எனக்குச் சந்தேகம் வரும்! எப்பவும் போல உடம்பில் பொருந்திக்கொண்டே இருந்தது. நானும் என் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேனடி. இந்த ஊரிலேயே நல்ல தையல்காரர் என்று கட்டிக்கொண்டவள், அவர் தொழில் இப்படி என் கண்ணையே கட்டும் என்று நினைக்கவில்லை.

அளவு நோட்டை எடுத்துப் புரட்டினேன். கஸ்டமர் பேரை அவர் எழுதுகிற அழகுதான் உனக்குத் தெரியுமே. மீசை போஸ்ட்மேன், பேங்க் குண்டு, அரட்டை டீச்சர். கடைசிப் பக்கத்தில் பாபினோட அப்பா என்று ஒரு கஸ்டமர். வாரத்துக்கு ஒரு வரி. கைச் சுற்று பன்னிரண்டரையில் ஆரம்பித்து ஒன்பதே முக்காலில் நிற்கிறது. மார்பு முப்பத்தெட்டு, முப்பத்து நாலரை ஆகியிருக்கிறது. வயிறு முப்பத்து நாலிலிருந்து முப்பத்தொன்பதரை. வரிக்கு வரி தேதி, ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

நோட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். கஸ்டமர் அளவை அடுத்தவங்க பாக்கக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், மூச்சு வாங்கியது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, அவ பரீட்சை முடியற வரைக்கும் நான் அறுபத்து நாலரைதான், புரியுதா என்றார். உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் வார்த்தை வாங்கிக்கொண்டார். கொடுத்தேன். இப்போது மீறுகிறேன். அந்தப் பாவம் என்னோடு போகட்டும்.

மறுநாளே டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். நோட்டையும் எடுத்துப் போனேன். டாக்டரம்மா அதை வரி வரியாகப் படித்துப் பார்த்தார். இந்த மாதிரி கேஸ் ஷீட் எங்க ஆஸ்பத்திரியிலேயே இல்லம்மா என்றார். அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். உடம்பில் இருக்கிற தண்ணீரில் ரத்தக் குழாய்க்குள் ஓடுவது கொஞ்சம்தானாம். மிச்சமெல்லாம் சதைக்குள்ளேயும் சதைக்கு இடையிலேயும் இருக்கிறதாம். நல்ல உடம்பில் அது அங்கேயும் இங்கேயும் போய்வந்து தன் அளவில் நிற்கும். இவருக்குக் குழாயிலிருந்து கசிந்து வெளியே போய்த் தங்கிவிடுகிறது. சாப்பாடு இறங்காததால் ரத்தத்தில் சத்தில்லை, சத்தில்லாத ரத்தத்துக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கத் தெம்பில்லையாம். படுத்தால் முதுகுக்குப் போகும், நின்றால் காலுக்கு இறங்கும். காலையில் படுத்தபடியே ஏன் காலைக் காட்டினார் என்று இப்போது புரிகிறதா? முதுகை நான் பார்க்கவில்லை. டாக்டரம்மா இடுப்புக்கு மேலே விரலை வைத்து அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது.

கிட்னியைப் பற்றிச் சொன்னதுதான் எனக்கு ஆறவே இல்லை. அதற்குக் கண் கிடையாது, தன்னிடம் வருகிற ரத்தத்தை வைத்துத்தான் கணக்குப் போடுமாம். இதயம் தள்ளுகிற ரத்தம் குறைவாக வந்துசேர்ந்ததும், ஐயோ உடம்பு காய்ந்துபோயிற்று என்று பதறி, ஒரு சொட்டையும் விடாமல், ஒரு சிட்டிகை உப்பையும் விடாமல் பிடித்து வைக்கிறது. இன்னும் குடி இன்னும் குடி என்று தாகத்தைக் கிளப்பிவிடுகிறது. வயிறு நிறைய, முதுகு நிறைய, கால் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் தாகத்தில் துடிக்கிறார். அது கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, காப்பாற்றுவதாக நினைத்துத்தான் செய்கிறது என்றார். நம் வீட்டிலும் அதேதான் நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது கிலோ சதை போயிருக்கும், ஒன்பது கிலோ தண்ணீர் வந்திருக்கும், அதனால்தான் முள் அசையவில்லை என்றார். எடை ஏறினால் தண்ணீர் என்று நீ சொன்னது சரியான பாடம்தான். ஏறாமல் நின்றாலும் பயப்பட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? நடுவில் ஏன் காட்ட வரவில்லை என்று டாக்டரம்மா கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன் என்று சொன்னேன். அதுதான் உண்மையும். பெஞ்சு வலிக்கும் என்று பார்த்தவள் நான். நீ அதைத் தூக்கி உன் தலையில் வைத்துக்கொள்ளாதே. உன்னை எனக்குத் தெரியும், இந்த வரியைப் படிக்கும்போது நகம் வாயில் இருக்கும். எடு.

இனிச் செய்ய அதிகம் இல்லையாம். தண்ணீர் மாத்திரையைக் கூட்டினால் வெளியே இருக்கிற தண்ணீர் வற்றுவதற்குள் குழாய்க்குள் இருப்பது வற்றிவிடுகிறது, தலை சுற்றி விழுகிறார். குறைத்தால் நுரையீரலில் ஏறுகிறது. எவ்வளவு நாள் என்று கேட்டேன். மூன்று வாரம் என்றார், பிறகு சொல்ல முடியாதும்மா என்றார். வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

இப்போது கடைப் பக்கம் வாடிக்கையாளர் யாரும் வருவதில்லை. அவருடைய மிஷினை உறை போட்டு மூடிவிட்டேன். உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறார், சாய்ந்தால் மூச்சு முட்டுகிறது. ஆனால் காலை எடை மட்டும் தவறக் கூடாது. ஞாயித்துக்கிழமை புள்ள கேப்பாளே என்கிறார். நான்தான் பிடித்துக் கூட்டிப் போய் நிறுத்துகிறேன். பிடித்துக்கொண்டே இருந்தால் எண் மாறுகிறது, கையை எடு என்கிறார். எடுக்கிறேன். முள் நிற்கும் வரைக்கும் அந்த மனுஷன் சாக்பீஸ் கோட்டுக்குள் தனியாக ஆடிக்கொண்டு நிற்கிறார். எனக்கு உயிர் போய் வருகிறது. இன்றைக்கும் அறுபத்து நாலரைதான்.

உன்னை வா என்று எழுதக் கை வரவில்லை. வராதே என்று எழுதவும் வரவில்லை. வந்தால் இரண்டரை வருஷப் படிப்பு மறுபடி முதலிலிருந்து. வராவிட்டால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. நீ எதைச் செய்தாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், இதை மட்டும் நம்பு.

ஆனால் ஒரு காரியம் நீ செய்துதான் ஆக வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இனித் தண்ணீரை அளக்க வேண்டாம், கேட்கிறபோதெல்லாம் கொடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் டம்ளர் நிறைய நீட்டினேன். வாங்கவில்லை. டாக்டருங்க இன்னைக்கு ஒண்ணு சொல்வாங்க, நாளைக்கு ஒண்ணு சொல்வாங்க, என் பொண்ணு ஒன்றரை லிட்டர்னு சொல்லியிருக்கா என்கிறார். அந்தத் தெளிப்புப் பாட்டில் விஷயத்தை நான் உனக்குப் போட்டுக்கொடுத்தேனே, நீயும் போனில் அவரைத் திட்டி உன் மேலேயே சத்தியம் வாங்கினாயே, அன்றிலிருந்து ஒரு மடக்கு கூடக் குடிப்பதில்லை. சத்தியத்தை மீறினால் உனக்கு ஏதாவது ஆகிவிடுமாம். எவ்வளவோ கெஞ்சிவிட்டேன், திட்டியும் பார்த்துவிட்டேன். பிடித்த பிடியை விடவில்லை. உதடு வெடித்திருக்கிறது. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு பேச்சு குழறுகிறது. மதியம் இரண்டாவது கோட்டுக்கு வந்ததும் மூடியைத் திருகி வைத்துவிட்டு அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்னால் பார்க்க முடியவில்லை பாபின். ஊர்ச் சட்டைக்கெல்லாம் பட்டன் தைத்துக்கொடுத்தவள், என் வீட்டு மனுஷனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க வக்கில்லாமல் நிற்கிறேன்.

நீ சொன்னால்தான் குடிப்பார். ஆனால் நீ குடிங்கப்பா என்று சொல்கிற அந்த நிமிடமே உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். தன் நிலைமை அவருக்குத் தெரியும், இன்ச் டேப் பிடிக்கிறவரிடம் எதை மறைப்பது? உனக்குத் தெரியாது என்கிற ஒன்றைத்தான் கையில் பிடித்துக்கொண்டு இருக்கிறார். அதைப் பிடுங்கச் சொல்கிறேனே என்று நாலு நாளாக எனக்குள்ளேயே போராடிப் பார்த்துவிட்டேன். தாகத்தோடு அவரை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்குக் கூப்பிடு. முதலில் அவர் எண்ணைச் சொல்லட்டும், குறுக்கே பேசாதே. எப்பவும் போலச் சூப்பர்ப்பா என்று சொல். பிறகு, இனி எடை பார்க்க வேண்டாம்ப்பா, சத்தியத்தை நான் திருப்பி எடுத்துக்கிட்டேன், தண்ணி குடிங்க, எவ்வளவு வேணுமோ குடிங்க என்று சொல். அழுகை வந்தால் போனை வைத்த பிறகு அழு. நீ நல்லா இருக்கணும் என் கண்ணே, நூறு வருஷம் நல்லா இருக்கணும். நான் டம்ளர் நிறைய ஊற்றி வைத்துக்கொண்டு, திரைக்கு இந்தப் பக்கம் நிற்பேன்.

அம்மா